இவை இன்னார் எழுத்து

கப்பலூர் சுங்கச்சாவடியை எடுக்கச் சொல்லித் திருமங்கலம் வட்டார மக்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். மறியலும் கடையடைப்பும் ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம் மனு. சுங்கச்சாவடிக்கு மட்டுமல்ல, பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே ஒரு பேனா, ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஓர் அட்டை இவற்றோடு உட்கார்ந்திருப்பவர்களை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அங்கே நடப்பதைச் சற்று அருகில் நின்று கவனிக்க வேண்டும். ஓர் அம்மா வந்து பேச ஆரம்பிக்கிறார். மகன் சிட்கோவில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது, அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டது என்று பேச்சு பல திசையிலும் ஓடுகிறது. எழுதுபவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 'அனுப்புநர்', 'பெறுநர்' முடிந்து 'பொருள்' என்ற இடத்துக்கு வந்துவிட்டார். அம்மா கடைசியாகச் சொன்ன வேலிதான் அங்கே முதலில் ஏறுகிறது: 'நில ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல் தொடர்பாக.' 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று உடல் தொடங்குகிறது. மகனுக்கு அரை வரி கிடைக்கிறது. மருமகள் இல்லவே இல்லை. அடியில் 'இப்படிக்கு', அதற்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை. மனுவின் எந்த மூலையிலும் எழுதியவர் பெயர் கிடையாது.

சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று ஆகிவிட்டால் நடுவில் ஒரு வேலை நடக்கிறது. கேட்டதில் எது எழுத்தாக வேண்டும், எது காற்றோடு போக வேண்டும் என்று யாரோ தீர்மானிக்கிறார். எழுதுபவர் வெறும் கை என்று சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் வசதி. ஆனால் எழுத்தை நம்பி நடந்த அரசுகளும் நீதிமன்றங்களும் அப்படி ஒருபோதும் நம்பியதில்லை. அந்தக் கையைக் கட்டுப்படுத்த அவை பெரும்பாலும் இரண்டே உபாயங்களைத்தான் கண்டன: எழுதியவன் பெயரைப் பதிய வை, எழுதியதைச் சொன்னவனுக்குப் படித்துக் காட்டு.

மதுரையில் இந்தச் சங்கதி மிகப் பழையது. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்து வேள்விக்குடிச் செப்பேட்டில் ஒரு மனுதாரர் வருகிறார். கொற்கைகிழான் நற்சிங்கன் என்பவர் கூடல் மாநகரில் அரசன் முன் உரக்க முறையிடுகிறார்: என் முன்னோருக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்துக்கொண்டார்கள், திருப்பித் தர வேண்டும். பழமையை நிரூபி என்கிறான் அரசன், நிரூபிக்கிறார், ஊர் திரும்புகிறது. அன்று தெருவில் கேட்ட குரல் கரடுமுரடாக, கோபமாக, ஒருவேளை திக்கித் திணறி இருந்திருக்கலாம். நம் கைக்கு வந்திருப்பதோ மெய்க்கீர்த்தி நடையில் இழைத்த செப்புப் பாட்டு. நற்சிங்கன் பேசியது எப்படி என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தமிழ்ப் பகுதியை இயற்றியவர் சேனாபதி ஏனாதி சாத்தன் சாத்தன் என்பதும், செப்பில் வெட்டியவர் யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் என்பதும் தெரியும். ஆட்சியர் அலுவலக வாசலில் இன்று உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காத மரியாதை இது. அதைவிட, அவருக்கு இல்லாத பொறுப்பு.

பிற்காலப் பாண்டியர்களின் 12, 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அரசன் சொன்ன இடம்கூட விடாமல் எழுதப்படுகிறது. மாடக்குளக்கீழ் மதுரையில், அரண்மனைப் பள்ளியறைக் கூடத்தில், மழவராயன் என்ற பெயர்கொண்ட பள்ளிப்பீடத்தில் எழுந்தருளியிருந்து சொன்னது என்று வரும். ஆசனத்துக்கே பெயர் வைத்து அதையும் ஆவணத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இது ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி வேண்டும். எங்கே, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதே ஒரு சாட்சி. அதே மாடக்குளத்துக் கண்மாயை ஒட்டி இன்று நகரம் பெருகி, திருப்பரங்குன்றம் தாண்டிக் கப்பலூர்வரை வந்துவிட்டது.

இந்த முறையின் முழு இயந்திரத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சோழ நாட்டுக்குப் போக வேண்டும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செப்பேடு இப்போது லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றுவிட்டது. மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழி, 16 தமிழ். கொடையின் செய்தியைவிட அது எப்படி எழுத்தானது என்ற விவரமே தமிழ்ப் பகுதியில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்சியின் 21ஆம் ஆண்டு 92ஆம் நாள், தஞ்சாவூரின் புறத்தே இருந்த மாளிகையில், இராசாசிரயன் என்ற பகுதியின் தெற்கு மண்டபத்தில் இருந்தபடி அரசன் வாயால் சொல்கிறான். கேட்டு ஓலையில் எழுதுகிறவர் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன். 'நம் ஓலை எழுதும்' என்று அரசனே அவரைச் சுட்டுவதாகச் செப்பேடு பேசுகிறது. கிழவன் என்றால் ஊருக்கு உடையவர்; கூலிக்கு எழுதும் ஆள் அல்ல.

எழுதியதோடு முடியவில்லை. திருமந்திர ஓலை நாயகங்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமராயர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த அதே சேனாபதி. பிறகு ஓலை வரித் திணைக்களத்துக்குப் போகிறது. புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று வரிசையாக அதிகாரிகள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பதிய, மற்றவர்கள் இருந்து பார்க்க, 96ஆம் நாள் அது வரியில் ஏறுகிறது. நாட்டார் பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றிக் காட்டும் பிடிசூழ்தல் 23ஆம் ஆண்டில். செப்பில் வெட்டு விழுவதற்குள் சொன்ன அரசன் இறந்துவிட்டான். மகன் இராசேந்திரன் வெட்டுவித்ததாக வடமொழிப் பகுதி சொல்கிறது. இத்தனை படியிலும் ஒவ்வொருவரும் 'இவை இன்னார் எழுத்து' என்று தம்மைக் காட்டிக்கொண்டே நகர்கிறார்கள்.

எழுதத் தெரியாத ஆளும் அந்த ஆவண உலகத்துக்கு வெளியே நிற்கவில்லை. அவர் ஒரு குறி இடுவார். இது இவருடைய தற்குறிதான் என்று எழுத்தறிந்த வேறொருவர் கீழே எழுதித் தம் பெயரைப் போடுவார். தற்குறி என்பதை வசவாக்கியது நாம்.

இதெல்லாம் மன்னராட்சியோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஏதாவது ஓர் அரசாணையைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கலாம். '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று இருக்கும். கையெழுத்து அரசுச் செயலாளருடையது. அதற்கும் அடியில் 'ஆணைப்படி அனுப்பப்படுகிறது' என்று பிரிவு அலுவலர் ஒப்பமிட்டிருப்பார். அரசின் நிர்வாகச் செயல் எல்லாம் ஆளுநர் பெயரால் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 166ஆம் கூறு. ஆளுநர் எந்த மண்டபத்திலும் உட்கார்ந்து எதையும் சொல்லியிருக்க மாட்டார். சொல்பவர் மறைந்து, எழுதுபவர்கள் வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது.

அரசாங்கம் எழுத்தரைச் சந்தேகித்தது என்றால், பக்தி இலக்கிய மரபு கடவுளையே அந்த இடத்தில் உட்கார வைத்தது. மதுரைக்குக் கிழக்கே திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர் தில்லையில் தங்கியிருந்தபோது ஓர் அந்தணர் வந்து, நீர் பாடியதைச் சொல்லும், எழுதிக்கொள்கிறேன் என்றாராம். முழுதும் எழுதி முடித்த ஏடு மறுநாள் பொன்னம்பலத்துப் படியில் கிடந்தது. கடைசியில் மாணிக்கவாசகர் சொல்ல எழுதியவன் அழகிய சிற்றம்பலமுடையான் என்ற கையொப்பம். கதைதான். ஆனாலும் அதைக் கட்டியவருக்குத் திருமந்திர ஓலை முறை நன்றாகத் தெரிந்திருக்கிறது. எழுதியவன் இறைவனாகவே இருந்தாலும் அடியில் பெயர் போடாமல் விடக்கூடாது.

ஓலையில் கேட்டு எழுதுவதன் கஷ்டம் தனி. இடது கையில் ஏடு, வலது கையில் எழுத்தாணி. கை நகராது, ஓலைதான் நகரும். கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் படிக்கப் பலர் எழுதும்போது ழகரம் ளகரமாகவும் றகரம் ரகரமாகவும் மாறுவது சகஜம். ஆகவே ஏட்டைப் படிப்பவருக்குப் பாதிப் பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் பதிப்புப் பணியில் பட்ட பாட்டுக்குப் பாதிக் காரணம் இதுவே.

அந்த உ.வே.சா.வே பழகியது இந்த வேலையில்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தல புராணங்களைத் தம் கையால் எழுதியவர் அல்லர். வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதுவார். 1871இல் அவரிடம் சேர்ந்த சாமிநாதனுக்கு அந்த இடம் பின்னர் வாய்த்தது. செய்யுள் எப்படி உருவாகிறது, எந்தச் சீரில் கவிஞர் நிற்கிறார், எதைச் சொல்லிவிட்டு மாற்றுகிறார் என்பதைப் பாடம் கேட்டுக் கற்க முடியாது; பக்கத்தில் இருந்து எழுதினால்தான் தெரியும். நம் காலத்தில் கண்ணதாசன் சொல்லச் சொல்லப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த பஞ்சு அருணாசலம் பிறகு தாமே பாடலாசிரியரும் திரைக்கதை ஆசிரியரும் ஆனது இதன் தொடர்ச்சி. இந்த வகை எழுத்தர்களைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. அவர்கள் பெயர் பெற்றவர்கள். பெயர் பெறாதவர்களிடம் திரும்புவோம்.

நாயக்கர் காலத்தில் ராயசம் என்ற பதவி இருந்தது. அரசன் சொல்ல நிருபம் எழுதுகிற செயலர். கம்பெனி ஆட்சி வந்து ஆங்கிலம் ஆபீஸ் மொழியானதும் அந்த வேலை வேறு கருவிகளுக்கு மாறியது. ஐசக் பிட்மன் 1837இல் லண்டனில் வெளியிட்ட ஒலிவழிச் சுருக்கெழுத்துமுறை இந்தியக் கச்சேரிகளிலும் கம்பெனிகளிலும் நிலைத்தது. அதன் தந்திரம் எளிது. எழுத்தை விட்டுவிடு, ஒலியைப் பிடி. மெல்லிய கோடு 'ப' என்றால் அதே கோட்டை அழுத்திப் போட்டால் ஆங்கில 'பி'யின் ஒலி. உயிர் ஒலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வேகம் கூடும்போது அவற்றையும் விட்டுவிடுவார்கள். கோடு தாளின் வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் உட்காருகிறதா, வரியை வெட்டுகிறதா என்பதை வைத்து விட்டுப்போன உயிரை ஊகிக்க வேண்டும். ஓலைக்காரர் புள்ளியை விட்டார், ஸ்டெனோ உயிரை விடுகிறார். இரண்டு பேருமே படிக்கிறவனின் புத்தியை நம்பி எழுதுகிறவர்கள். ஒரு ஸ்டெனோவின் நோட்டை இன்னொரு ஸ்டெனோ வாசிக்கத் திணறுவது இதனால்தான். டிக்டேஷன் எடுத்தவர் மறுநாள் லீவு போட்டால் அதிகாரியின் கடிதமும் லீவில் இருக்கும்.

கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1936இல் தொடங்கிய கப்பலூர் தியாகராஜர் மில் போன்ற ஆலைகளும் வங்கிகளும் வக்கீல் ஆபீசுகளும் மதுரையைச் சுற்றிப் பெருகப் பெருக, 'லோயர் முடிச்சாச்சா, ஹையர் முடிச்சாச்சா' என்பது வீடுகளில் சாதாரணக் கேள்வியானது. பத்தாவது முடித்த பெண்ணை வேலைக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள்கூட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பின. தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்றும் நடத்துகிறது. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், முதுநிலைக்கு 120. நொடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்' என்பதும் ஒரே சொல்தான் என்பதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடம் இன்னும் அறிவிக்கப்படுகிறது.

அந்தக் காலத்து வணிகக் கடிதங்களின் இடது அடிமூலையில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். சொன்னவரின் தலைப்பெழுத்துகள் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, தட்டச்சு செய்தவருடையவை சிறிய எழுத்தில். 'இவை இன்னார் எழுத்து' தேய்ந்து தேய்ந்து இரண்டு சின்ன எழுத்தாக நின்றது அங்கேதான். கணினி வந்தபின் அதுவும் போயிற்று.

சொன்னதும் எழுதியதும் பிரிகிற இடத்தில் மனித வாழ்க்கையே தொங்குவது நீதிமன்றத்தில். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று ஒத்தக்கடை அருகே தொடங்கியபோது, நீதிபதிகளோடு அவர்களுடைய டிக்டேஷனை எடுக்கும் உதவியாளர்களும் வந்து சேர்ந்தார்கள். திறந்த மன்றத்தில் நீதிபதி தீர்ப்பைச் சொல்ல, கீழே அமர்ந்தவர் குறித்துக்கொள்வதை அங்கே அன்றாடம் காணலாம். ஆனால் எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது கீழமை நீதிமன்றத்தின் சாட்சிக்கூண்டு. சாட்சியத்தைப் பொதுவாகக் கேள்வி பதிலாக அல்லாமல் தொடர் விவரிப்பாக எழுத வேண்டும் என்பது குற்ற விசாரணைச் சட்டம் வகுத்த முறை. குறுக்கு விசாரணையில் வக்கீல் மூச்சுவிடாமல் கேட்கிறார்: சம்பவ நேரத்தில் நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை, முன்விரோதத்தால் பொய் சொல்கிறீர்கள், சரியா? சாட்சி சொல்வது, 'இல்லைங்க.' பதிவாவது: 'சம்பவ நேரத்தில் நான் அங்கு இல்லை என்றும் முன்விரோதம் காரணமாகப் பொய்ச்சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் அது சரியல்ல.' வக்கீலின் வாக்கியம் சாட்சியின் வாயில் ஏறிவிட்டது. சாட்சி பேசியது ஒரு சொல். கையெழுத்துப் போடுவது பதினான்கு சொல்லுக்கு. இந்தக் கோர்ட்டுத் தமிழைக் கேலி செய்பவர்கள் உண்டு. கேலிக்குரியதாக எனக்குப் படவில்லை. மறுப்பை மறுப்பு என்று தெளிவாகப் பதிய அந்த நடை பயன்படுகிறது. ஆனால் அதைப் படித்துக் காட்டாவிட்டால் சாட்சிக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியாது. படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகே சாட்சியம் முடிகிறது என்று சட்டம் வற்புறுத்துவது அதற்குத்தான்.

காவல் நிலையத்தில் இந்த வேலையைச் செய்பவருக்கு 'ரைட்டர்' என்றே பெயர். புகார்தாரர் வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 154ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173. அதே நிலையத்தில் விசாரணையின்போது சாட்சிகள் சொல்வதை எழுதினால் அவர்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. முரண்போல் தோன்றும். காவலர் எழுதியதைச் சாட்சியின் தலையில் கட்டிவிடக் கூடாது என்ற பழைய சந்தேகம்தான் இந்தத் தடைக்குக் காரணம். 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை மகன் மரணத்தை மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்தின் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிந்தார். நடந்ததைச் சொன்ன அந்தப் பெண் காவலர் கையெழுத்திட அஞ்சித் தயங்கியதை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் குறிப்பிட்டார். பேசிய சொல்லைவிட ஒப்பமிட்ட சொல் எவ்வளவு கனமானது என்பதைக் காவல் நிலையத்தில் வேலை பார்ப்பவரைவிட வேறு யார் அறிவார்?

பத்திர எழுத்தர் கதை வேறு. அவருக்கு 1982ஆம் ஆண்டு உரிம விதிகள் உண்டு. பத்திரத்தைத் தயாரித்தவர் என்று பெயரும் உரிம எண்ணும் போட வேண்டும். விற்பவர் சொல்வது 'இடத்தைக் கொடுத்துட்டேன், பணம் வாங்கிட்டேன்' என்ற இரண்டே வாக்கியம். பத்திரத்தில் அது நான்கெல்லை, சர்வே எண், வில்லங்கமின்மை என்று பக்கம் பக்கமாக விரியும். முடிவில் படித்தும் படிக்கக் கேட்டும் சம்மதித்ததாக ஒரு வரி. சார்பதிவாளர் அலுவலக நெரிசலில் யாரும் முழுதாகப் படிக்கக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். வரி அச்சில் இருக்கிறது. சோழ அதிகாரிகள் நாள் கணக்கில் செய்ததை இங்கே ஒரு வாக்கியம் செய்துவிடுகிறது.

இயந்திரத்துக்கும் இந்தத் தலைவலி தப்பவில்லை. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று அரசியல் சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு எழுத்தாக்கத் தொடங்கியது. வந்த எழுத்துப்படியை வக்கீல்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். படித்துக் காட்டுவதை எந்தக் கருவியும் ஒழிக்கவில்லை, படிக்கிறவர்தான் மாறுகிறார்.

எழுத்தர் மீதான சந்தேகம் இன்று மிகக் கூர்மையாக வெளிப்படுவது தேர்வு அறையில். மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளி போன்ற இடங்களில் படித்தவர்கள் பொதுத் தேர்வுக்குப் போனால், சொல்வதை எழுத ஒருவர் தேவை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இறுகிப் போகும் குறைபாடு உள்ளவருக்கும் அந்த உரிமை உண்டு, 40 விழுக்காட்டு ஊனச் சான்று வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை வந்தாயிற்று. எழுதுபவர் யார் என்பதில்தான் சிக்கல். தேர்வர் தாமே ஆள் கூட்டி வந்தால் அந்த ஆள் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். அமுதன் தீர்த்தகரனை நம்பியது அவர் தகுதியுள்ளவர் என்பதால்; இவரை நம்புவது தகுதி குறைந்தவர் என்பதால். முறைகேட்டைத் தடுக்க வேறு வழி தோன்றாததன் விளைவு இது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் பொருளாதாரத்தில் முதுகலை எழுதுபவர் சொல்லும் கலைச்சொல்லை அதுவரை கேள்விப்படாத ஒருவர் எழுதும்போது, ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமன்பாட்டில் அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதையும். வழிகாட்டுதல் தருவது மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுத்துக் கூட்டியதும் திருத்தியதும் போக, எழுதிய விடையை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க அதில் எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பது தேர்வருக்குத்தான் தெரியும்.